உங்கள் கை வேகத்துக்கு ஸ்பீட் 12 தேவையா?

டிஸ்க் கோல்ஃப் (தட்டு வடிவ டிஸ்க்கை வீசிக் கூடையில் சேர்க்கும் ஆட்டம்) பயிற்சிக்கு வருகிறவர்களில் புதியவர்களைத் திருத்துவது எளிது. "இப்போதைக்கு வேக எண் ஸ்பீட் 7-க்கு மேல் உள்ள டிஸ்க்கைத் தொடாதீர்கள்" என்றால் கேட்டுக்கொள்வார்கள். சில வருடங்கள் டிஸ்க் கோல்ஃப் ஆடி, 300 அடியைச் சாதாரணமாகத் தாண்டுகிறவர்கள்தான் சிக்கலில் மாட்டுகிறார்கள். பையில் நாலைந்து ஸ்பீட் 12, 13 டிரைவர்கள் (தொலைதூர வீச்சுக்கான டிஸ்க்குகள்) இருக்கும். எதை வீசினாலும் பாதி வழியிலேயே இடப்பக்கம் சரிந்து ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். அதே கையால் டீபேர்ட் என்ற ஸ்பீட் 7 டிஸ்க்கை வீசச் சொன்னால் அதுவும் அங்கேயே போய் விழும், அதுவும் நேராக.

டிஸ்க்குக்கு நிறுவனம் தரும் நான்கு எண்கள் ஸ்பீட், கிளைடு (மிதப்பு), டர்ன், ஃபேட். இன்னோவா நிறுவனத்தின் டிஸ்ட்ராயருக்கு அவை 12, 5, -1, 3. முதல் எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த 12 நீங்கள் கொடுக்க வேண்டிய வேகம். மணிக்கு 60 மைலுக்குக் குறையாமல் கையிலிருந்து கிளம்பினால்தான் மற்ற எண்கள் சொல்வது நடக்கும். 50 மைலில் கிளம்பினால் வலது கை பேக்ஹேண்டில் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கைப் பக்கமாக வீசுவது) வலப்பக்கம் மெல்லத் திரும்ப வேண்டிய டர்ன் வரவே வராது. இடப்பக்கம் இழுக்கும் ஃபேட் சீக்கிரமே தொடங்கிவிடும். -1, 3 என்று வாங்கிய டிஸ்க் அந்தக் கையில் 0, 4 போல நடந்துகொள்ளும்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குக் கவலை. டிஸ்க் திரும்பவில்லை என்பதால் ஆட்டக்காரர் உடம்பைப் பின்னால் சாய்த்து, டிஸ்க்கை வலப்பக்கம் சரித்து வீசப் பழகுகிறார். முன்விளிம்பு மேலே தூக்கிக்கொள்கிறது. டிஸ்க் உயரே ஏறி வேகம் இழந்து விழுகிறது. தூரம் குறைந்ததும் இன்னும் பலமாக இழுக்கிறார். கொஞ்ச நாளில் முழங்கையிலோ தோளிலோ வலி. வலி வந்தால் முதலில் வீசுவதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். டிஸ்க்கை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

ஆகவே வாங்கும் முன் வேகத்தை அளந்துவிடுங்கள். ரேடார் கருவியோ, டிஸ்க்கில் ஒட்டும் சென்சாரோ இப்போது பல கிளப்புகளில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் காற்றில்லாத சமதளத் திடலில் டீபேர்டைச் சாய்க்காமல் வீசுங்கள். அது தொடர்ந்து 325 அடியை எட்டவில்லை என்றால் ஸ்பீட் 9-லேயே இருங்கள் என்பேன். 350 அடி வந்தால் 12, 6, -3, 2 கொண்ட டெர்ன், அல்லது 13, 6, -2, 2 கொண்ட ஷ்ரைக் போன்றவை நன்றாகப் பொருந்தும். டிஸ்ட்ராயர், 13, 5, -1, 3 கொண்ட டிஸ்க்ராஃப்ட் நியூக் போன்றவை 400 அடியை நெருங்குகிறவர்களுக்கு. மணிக்கு 70 மைலுக்கு மேல் வீசும் தொழில்முறை ஆட்டக்காரர் கையில் இருக்கிறது என்பதற்காக ஒரு டிஸ்க்கை வாங்காதீர்கள்.

ஃபோர்ஹேண்டில் (உள்ளங்கைப் பக்கமாக) வீசுகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். சுழற்சி குறைவாகவும் தள்ளாட்டம் அதிகமாகவும் இருப்பதால் டர்ன் குறைந்த, ஃபேட் கூடிய டிஸ்க்தான் அவர்களுக்குக் கட்டுப்படும்.

விளிம்பின் அகலமும் முக்கியம். ஸ்பீட் கூடக்கூட விளிம்பு அகலமாகும். டிஸ்க் கோல்ஃப் அமைப்பான பி.டி.ஜி.ஏ.-வின் விதிப்படி உச்ச அளவு 2.6 செ.மீ. டிஸ்ட்ராயர் 2.2, இன்னோவாவின் இன்னொரு டிரைவரான பாஸ் 2.5. கேட்கச் சிறிய வித்தியாசம்தான். சிறிய கைக்காரர்களுக்கு 2.5 செ.மீ. விளிம்பில் விரல்நுனி உட்புறம் சரியாகப் பதியாது, டிஸ்க் சீக்கிரமே நழுவிவிடும். கடையில் முழுப்பிடி பிடித்துப் பாருங்கள். விரல்கள் இறுக்கமாக உட்காரவில்லை என்றால் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

ஒரே பெயர் கொண்ட இரண்டு டிஸ்க்குகள் ஒரே மாதிரி பறக்கும் என்றும் நம்ப வேண்டாம். மேற்புறம் குவிந்திருந்தால் மிதப்பு கூடும். தட்டையாக இருந்தால் பொதுவாக ஃபேட் வலுவாக இருக்கும். இரண்டையும் மேசையில் வைத்துக் கண்மட்டத்தில் பக்கவாட்டில் பார்த்தாலே தெரிந்துவிடும். எடையும் பேசும். 175 கிராமில் திரும்பாத டிஸ்க் 167 கிராமில் திரும்பக்கூடும். டிஎக்ஸ் போன்ற மலிவுப் பிளாஸ்டிக் மரத்தில் மோதி மோதிச் சீக்கிரம் தளர்ந்து, டர்ன் கூடிவிடும். சாம்பியன், ஸ்டார் வகைகள் நெடுநாள் தாங்கும். டென்வர் போன்ற உயரமான ஊருக்கு ஆடப் போனால் மெல்லிய காற்றில் எல்லா டிரைவரும் இன்னும் பிடிவாதமாக இடப்பக்கம் இழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாலைந்து வெவ்வேறு பெயர்கள் வாங்கும் பணத்தில் ஒரே மாதிரியில் மூன்று வாங்குங்கள் என்றே என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒன்று புதிதாகவே இருக்கட்டும், எதிர்க்காற்று நாளுக்கு. எதிர்க்காற்றில் டர்ன் கூடும், புதிய டிஸ்க் அதைத் தாங்கும். இரண்டாவது அன்றாட ஆட்டத்துக்கு. நன்றாகத் தேய்ந்த மூன்றாவதைப் பின்காற்றில் வீசலாம். மூன்றையும் சோதிக்க ஆட்டத்தின் கடைசிக் குழிகளைத் தேர்ந்தெடுங்கள். கை களைத்திருக்கும் அந்த நேரத்தில் எது குறிவைத்த இடத்துக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்ப விழுகிறதோ, அதே மாதிரியில், அதே எடையில், அதே பிளாஸ்டிக்கில் இன்னொன்றையும் வாங்கி வையுங்கள். முதல் டிஸ்க் ஏரிக்குள் போய்விட்டால் உடனே தேவைப்படும்.