பிரீசருக்குள்ளும் சூரை ஏன் கறுக்கிறது?

வெள்ளவத்தையில் சூரை மீன் வெட்டிக் கொடுத்தவர், "இண்டைக்கே ஆக்கிப்போடுங்கோ அண்ணை, பிரீசருக்குள்ள வச்சாலும் கறுத்துப்போகும்" என்றார். உண்மைதான். வீட்டுப் பிரீசரின் மைனஸ் 18 பாகையில் துண்டு கல்லாக உறைந்துவிடும். ஆனாலும் சில வாரங்களில் அந்தச் சிவப்பு போய் மண்ணிறம் வந்துவிடும். பச்சையாக உண்ணும் சூரையை நெடுநாள் வைத்திருப்பவர்கள் மைனஸ் 60 பாகை வரை இறங்குவதும் இதற்காகத்தான்.

அந்தச் சிவப்பு மயோகுளோபின் என்ற புரதத்தின் நிறம். தசைக்குத் தேவையான ஒட்சிசனைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. நடுவே இருக்கும் இரும்பு ஓர் இலத்திரனை இழந்தால் மண்ணிறம். முப்பரிமாண வடிவம் முதன்முதலில் கண்டறியப்பட்ட புரதமும் இதுவே. ஜோன் கென்ட்ரூவின் குழு 1958 இல் திமிங்கிலத் தசையிலிருந்து எடுத்துப் படம்பிடித்தது. பிறகு வந்த நுணுக்கமான படங்களில் ஒரு புதிர் இருந்தது: ஒட்சிசன் இரும்பைச் சென்றடைய வழியே இல்லை! கதவில்லாத வீடு. அப்படியானால் சுவரே அசைந்து வழிவிட வேண்டும்.

அந்த அசைவை எப்படிப் பார்ப்பது? இங்கேதான் அணுக்கருவில் இருக்கும் மின்னேற்றமில்லாத துகளான நியூத்திரன் வருகிறது. சாதாரண அறை வெப்பத்துக்குத் தணித்த நியூத்திரன் செக்கனுக்குச் சுமார் 2.2 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதன் அலைநீளம் அணுக்களுக்கிடையிலான தூரமளவு. அதே அலைநீளமுள்ள எக்ஸ் கதிரின் சக்தியோ அதைவிட இலட்சம் மடங்குக்கும் மேல், ஆகவே அணுவின் சின்ன ஆட்டம் அதில் தெரியாமலே போய்விடும். கரம் விளையாடியவர்களுக்கு இது புரியும். ஓடிக்கொண்டிருக்கும் காயில் பட்ட ஸ்ட்ரைக்கர் வேகம் மாறித் திரும்பும். மெல்லப் போன ஸ்ட்ரைக்கரென்றால் அந்த மாற்றம் பளிச்சென்று தெரியும். வேகம் மாறாமல் திரும்பும் நியூத்திரன்கள் எவ்வளவு குறைகின்றனவோ, அணுக்கள் அவ்வளவு ஆடுகின்றன என்று கணக்கிடலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. புரதத்தில் கிட்டத்தட்ட பாதி அணுக்கள் ஐதரசன். அது நியூத்திரனை மற்ற அணுக்களைவிடப் பத்து மடங்குக்கும் மேலாகச் சிதறடிக்கும். ஆனால் நீரிலும் ஐதரசன் இருக்கிறதே? கனநீரில் ஐதரசனுக்குப் பதிலாக அதன் பாரமான வகை இருக்கும், அது நியூத்திரனை மிகக் குறைவாகவே சிதறடிக்கும். சாதாரண நீருக்குப் பதிலாக அந்தக் கனநீரில் புரதத்தை நனைத்துவிட்டால், நீர் ஏறக்குறைய மறைந்து புரதம் மட்டும் தெரியும். என்னைக் கேட்டால், இந்த முழுக் கதையிலும் அழகான தந்திரம் இதுதான்.

1989 இல் வோல்ஃப்காங் டோஸ்டர், ஸ்டீபன் குசாக், விண்ஃப்ரீட் பெட்ரி என்ற ஆய்வாளர்கள் மூவரும் இப்படி நனைத்த மயோகுளோபினை 4 கெல்வினிலிருந்து, அதாவது மைனஸ் 269 பாகையிலிருந்து, படிப்படியாகச் சூடாக்கிப் பார்த்தார்கள். முதலில் அசைவு வெப்பத்தோடு நேர்கோட்டில் கூடியது. 200 கெல்வின் அளவில், மைனஸ் 73 பாகையில், கோடு சட்டென்று மேலே வளைந்தது.

காலி வீதியில் மாலை நேரத்து 100 ஆம் இலக்க பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நெருக்கியடித்து நிற்கும்போது பஸ் எவ்வளவு குலுங்கினாலும் நின்ற இடத்திலேதான் ஆட முடியும். கொஞ்சம் இடம் விட்டதும் ஆட்கள் ஓரிடம் விட்டு இன்னோரிடம் நகரத் தொடங்குவார்கள். 200 கெல்வினுக்குக் கீழே அணுக்கள் முதல் வகை. மேலே போனால் அதிர்வோடு சேர்த்து இடம் மாறிக் குதிப்பதும் தொடங்குகிறது.

இடம் கொடுப்பது நீர். நன்றாக உலர்த்திய புரதத்தில் அந்தப் பெரிய வளைவு வருவதில்லை. ஒரு காபனும் மூன்று ஐதரசனும் சேர்ந்த சில மெதைல் கூட்டங்கள் சுழல்வது தெரியும், அவ்வளவுதான். ட்ரெஹலோஸ் என்ற சீனிக்குள் பொதித்து வைத்தாலும் புரதம் விறைத்துவிடும். சரி, பிரீசரில் நீர் உறைந்துதானே போகிறது? முழுவதும் இல்லை. புரதத்தை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் மைனஸ் 18 இலும் பனிக்கட்டியாவதில்லை. வெளியே கல், உள்ளே இன்னும் ஆட்டம்.

அசைவு நின்றால் வேலையும் நின்றுவிடுமா? 1992 இல் ரைபோநியூக்கிளியேஸ் என்ற நொதியத்தின் பளிங்குகளை வைத்து, 212 கெல்வினில் அது தன் மூலக்கூறைப் பிடிப்பதில்லை, 228 இல் பிடிக்கிறது என்று காட்டினார்கள். எல்லாம் பொருந்திவிட்டது போலத் தோன்றியது. ஆனால் 1998 இல் வேறொரு நொதியம் 220 கெல்வினுக்குக் கீழும் மெதுவாக வேலை செய்வது தெரியவந்தது. ஆகவே மைனஸ் 60 குளிரறையையும் மைனஸ் 73 வளைவையும் நேராக முடிச்சுப் போட நான் துணியமாட்டேன். குளிரில் எல்லா இரசாயனத் தாக்கங்களும் மெதுவாகும், இரும்பு இலத்திரனை இழக்கும் ஒட்சியேற்றமும் அப்படித்தான்.

சூரையை அன்றைக்கே கொறுக்காய்ப் புளி போட்டு ஆக்கிவிட்டேன். சட்டியில் கொதி வந்ததும் மயோகுளோபின் மடிப்புக் குலைந்தது. பிரீசரில் சில வாரங்கள் எடுத்திருக்கும் அந்த மண்ணிறம் சில நிமிடங்களில் வந்துவிட்டது.