கமெண்ட், அன்கமெண்ட்: தமிழில் என்ன சொல்வது?

கமெண்ட் என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது முகநூல் பதிவுக்குக் கீழே எழுதுவதுதான். அதனால் லினக்ஸ் பாடத்தில் 'இந்த வரியை அன்கமெண்ட் செய்யவும்' (அதாவது வரியின் முன்னால் உள்ள # குறியை மட்டும் எடுக்கவும்) என்று வந்தால், தமிழாக்குகிறவர் கைப்பழக்கத்தில் 'கருத்தை நீக்கவும்' என்று எழுதிவிடுகிறார். தஞ்சாவூரில் மாலை நேரத்தில் லினக்ஸ் படிக்க மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருவையாறு பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். அப்படி எழுதியதைப் படித்துவிட்டு வரியையே மொத்தமாக அழித்துவிட்டு, 'சார், நீக்கிட்டேன், ஒண்ணும் மாறலையே' என்கிறார்கள். அவர்கள் செய்ததில் தப்பே இல்லை. எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள். தப்பு சொல்லில் இருக்கிறது.

கமெண்டின் வேர் லத்தீனில் இருக்கிறது. மனத்தில் யோசித்து உருவாக்குவதைக் குறிக்கும் ஒரு வினையிலிருந்து 'கொமென்டும்' என்ற பெயர்ச்சொல் பிறந்து, பிறகு ஒரு நூலுக்கு எழுதும் விளக்கம் என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. நம்மிடம் இதற்கு நேரான சொல் ரொம்பக் காலமாக இருக்கிறது: உரை. நன்னூல் காண்டிகையுரை, விருத்தியுரை என்று அதில் வகையே பிரித்துச் சொல்கிறது. ஓலைச்சுவடிகளில் மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று காட்ட இடைவெளியோ தனிக் குறியோ இல்லாமல் இரண்டும் ஒரே ஓட்டமாகப் போவது உண்டு. 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சா. போன்றவர்களுக்குப் பதிப்பு வேலையில் மூலத்தையும் உரையையும் பிரித்தெடுப்பதே பெரும்பாடு. சரஸ்வதி மகாலில் பழைய ஏட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கணினிக்கு அந்தப் பாடு வரக்கூடாது என்பதற்காகத்தான், நிரலில் மனிதருக்காக எழுதும் உரைக்கு முன்னால் ஒரு குறி வைத்தார்கள்.

1957-இல் வந்த ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் துளை அட்டையின் முதல் நெடுவரிசையில் 'சி' என்ற எழுத்து இருந்தால் அந்த அட்டை மனிதர் படிப்பதற்கு மட்டும். 1964-இல் பேசிக் மொழியில் 'ரெம்' என்று எழுதினார்கள். யூனிக்ஸில் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லில் # குறி நிலைபெற்றது, ஒரு மென்பொருள் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் அமைவுக் கோப்புகளில் பெரும்பாலானவையும் அதையே பிடித்துக்கொண்டன. பிஹெச்பி-யின் அமைவுக் கோப்பு மாதிரி சிலவற்றில் ; வரும்.

இதுவரை சிக்கல் இல்லை. மனிதருக்காக எழுதும் விளக்கத்தை 'குறிப்பு' என்று சொல்லலாம், 'உரை' என்றும் சொல்லலாம். இன்று 'டெக்ஸ்ட்' என்பதற்கும் உரை என்றே எழுதுவதால் நான் குறிப்பையே எடுத்துக்கொள்வேன். 'கருத்து' மட்டும் இந்த இடத்துக்கு ஒட்டவே ஒட்டாது. கருத்து என்றால் அபிப்பிராயம்.

சிக்கல் இரண்டாவது பயன்பாட்டில்தான் வருகிறது. நிரலர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வேண்டாத வரியை அழிப்பானேன், முன்னால் # போட்டால் கணினி அதையும் குறிப்பென்று நினைத்துத் தாண்டிப் போய்விடும், வேண்டும்போது # ஐ எடுத்துக்கொள்ளலாம். இதைத்தான் 'கமெண்ட் அவுட்' என்றும், திருப்பி எடுப்பதை 'அன்கமெண்ட்' என்றும் சொல்கிறார்கள். இங்கே யாரும் விளக்கம் எழுதவில்லை, இருக்கிற வரியின் தன்மையை மாற்றுகிறார்கள்.

'முடக்கு' என்று பலர் எழுதுகிறார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தூரத்திலிருந்து ஒரு கணினிக்குள் நுழைய வழி தரும் ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வரின் அமைவுக் கோப்பைத் திறந்து பாருங்கள். '#போர்ட் 22' என்று ஒரு வரி இருக்கும், போர்ட் என்பது இணைப்பு வரும் வாசலின் எண். முடக்கிய வரி என்று சொன்னால், படிக்கிற பிள்ளை 22-ஆம் போர்ட் மூடியிருக்கிறது என்றே புரிந்துகொள்ளும். உண்மையில் சர்வர் 22-இல்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் அது மென்பொருளின் இயல்பு மதிப்பு, நாம் எதுவும் சொல்லாதபோது அது தானாக எடுத்துக்கொள்வது. இயல்பு மதிப்புகளை இப்படி # போட்டு எழுதி வைப்பதே தங்கள் வழக்கம் என்று அந்தக் கோப்பின் தலைப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். வாய்மடையை அடைத்ததும் வயல் காய்ந்துவிடாது, ஏற்கெனவே நிற்கிற தண்ணீர் நிற்கத்தான் செய்யும். அது மாதிரி # போட்டால் அந்த வரி மட்டும்தான் கணக்கில் வராது, அது பேசும் வசதி நின்றுபோக வேண்டும் என்பதில்லை.

ஆகவே என் பரிந்துரை: கமெண்ட் அவுட் என்பதற்குக் 'குறிப்பாக்கு', அன்கமெண்ட் என்பதற்கு 'அமைவாக்கு'. அமைவுக் கோப்பில் ஒரு வரி ஒன்று குறிப்பாக இருக்கும், இல்லையென்றால் அமைவாக இருக்கும், நாம் ஒன்றை மற்றதாக ஆக்குகிறோம். நிரலுக்குள் என்றால் 'நிரலாக்கு' என்று வைத்துக்கொள்ளலாம். வாய்ப்பேச்சில் 'ஹேஷ் போடு, ஹேஷை எடு' என்று சொல்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, நடப்பதைத் துல்லியமாகச் சொல்கிறது.

குறிப்பையும் குறிப்பாக்கிய வரியையும் பிரித்துப் பார்க்காவிட்டால் கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் ஷெல் ஸ்கிரிப்டில் நிஜமாகவே அடி விழும். கோப்பில் # போடவும் எடுக்கவும் எல்லாரும் எடுப்பது செட் (sed) கட்டளை, 1970-களில் பெல் ஆய்வகத்தில் லீ மெக்மஹோன் எழுதியது. அதில் ^ என்பது வரியின் தொடக்கம். '^ க்குப் பிறகு #, அப்புறம் இடைவெளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, அடுத்து பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் (கடவுச்சொல்லால் நுழைவதைப் பற்றிய அமைவு) என்ற சொல். இப்படி வரும் வரியில் # ஐ எடு' என்று எழுதினால் சரியாகத்தானே தெரிகிறது? அதே எஸ்எஸ்ஹெச் கோப்பில் கீழே ஒரு விளக்கப் பத்தி இருக்கிறது, அதன் ஒரு வரி # க்கும் ஓர் இடைவெளிக்கும் பிறகு அதே சொல்லோடுதான் தொடங்குகிறது. அங்கேயும் # போய்விடும், விளக்க வாக்கியம் அமைவாகிவிடும், சர்வர் அந்தக் கோப்பை ஏற்காது. தூரத்து சர்வராக இருந்தால் திரும்ப உள்ளே நுழையவே வழி இருக்காது.

அந்தக் கோப்பை எழுதியவர்கள் வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியும்படியே வைத்திருக்கிறார்கள்: குறிப்பாக்கிய அமைவில் # ஐ ஒட்டியே சொல் வரும், விளக்கத்தில் # க்குப் பிறகு இடைவெளி வரும். இடைவெளியை அனுமதிக்காமல் தேடினால் பிழைத்தோம். இன்னொன்று, குறிப்பாக்கும்போது ஏற்கெனவே # உள்ள வரியைத் தொடாதபடி எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறை ஓடும்போதும் ##, ### என்று சேர்ந்துகொண்டே போகும். மாற்றுவதற்கு முன் நகல் எடுத்து வைத்து, அந்த சர்வர் நிரலான எஸ்எஸ்ஹெச்டி-யின் '-t' விருப்பத்தால் கோப்பைச் சோதித்து, அதன் பிறகே சேவையைப் புதுப்பிக்க வேண்டும்.

ஆனால் அந்த இடைவெளி வழக்கம் எல்லாக் கோப்புக்கும் பொருந்தாது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் மொழிச் சூழல்களைப் பட்டியலிடும் லொக்கேல்.ஜென் கோப்பில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் இரண்டுமே இருக்கின்றன, தேர்ந்தெடுக்காதவரை வரியின் முன்னால் # உம் ஓர் இடைவெளியும் நிற்கும். ஆர்ச் லினக்ஸ் என்ற இன்னொரு வகையில் அதே வரியில் இடைவெளி கிடையாது. எனவே எந்தக் கோப்போ அதை முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். அந்தப் பாடத்தைத் தமிழில் நான் இப்படி எழுதுவேன்: 'இந்தியத் தமிழுக்கான வரியை அமைவாக்கவும், அதாவது முன்னால் உள்ள # ஐயும் இடைவெளியையும் மட்டும் எடுத்துவிட்டு வரியை அப்படியே விடவும். பிறகு லொக்கேல்-ஜென் கட்டளையை இயக்கவும்.'