அது மார்க் ஷீட் இல்லைங்க

போன வாரம் ஒரு ஸ்கூல்ல இருந்து வாட்ஸப்ல ஒரு எக்செல் ஷீட் வந்துச்சு. 212 பிள்ளைங்க பேரு, கிளாஸ், செக்‌ஷன், பொறந்த தேதி, அப்பா போன் நம்பர், பக்கத்துலயே டிப்ரஷன் ஸ்கோர். 10ம் அதுக்கு மேலயும் வாங்குன 61 பேருக்கு செவப்பு கலர் அடிச்சிருந்தாங்க. கீழ ஒரு மெசேஜ்: "மேடம், எங்க ஸ்கூல்ல 29 சதவீதம் டிப்ரஷன், பேரன்ட்ஸ் மீட்டிங்ல சொல்லப்போறோம், ஒரு கிராஃப் மட்டும் போட்டுக் குடுங்க."

நான் ஒரு யுனிவர்சிட்டில டீன்ஏஜ் பசங்க மனநல டேட்டாவை அனலைஸ் பண்ற வேலைல இருக்கேன். டாக்டரும் இல்ல கவுன்சிலரும் இல்ல, நம்பரோட மல்லுக்கட்டுற ஆளு. இந்த வருஷத்துல இந்த மாதிரி வர்ற நாலாவது ஷீட் இது, அதான் எழுதவே உக்காந்துட்டேன்.

அவங்க யூஸ் பண்ணது பிஹெச்க்யூ-9, டிப்ரஷன் அறிகுறி இருக்கான்னு பாக்குற ஒரு கேள்வித்தாள். ஒன்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லேருந்து 3, மொத்தம் 27. கடைசி ரெண்டு வாரத்தைப் பத்தி மட்டும்தான் கேக்கும். இன்டர்நெட்ல ஈஸியா கிடைக்குது, கூகுள் ஃபார்ம்ல போட அரை மணி நேரம் கூட ஆகாது. பிரச்சினையே அங்கதான் ஆரம்பிக்குது.

ஸ்கோர் 10 வந்துட்டாலே டிப்ரஷன்னு முடிவு பண்ணிடுறாங்க. இல்லைங்க. "இந்தப் பிள்ளைகிட்ட யாராவது உக்காந்து பேசுங்க"ன்னு அது சொல்லுது, அவ்ளோதான். கணக்கு போட்டே காட்டுறேன், ஏன்னா வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. 2001ல வந்த மூல ஆய்வுல, பெரியவங்ககிட்ட 10ஐ கட்-ஆஃபா வெச்சுப் பாத்தப்போ, நோய் இருக்கிறவங்கள்ல 88 சதவீதம் பேரைப் பிடிச்சுது, இல்லாதவங்கள்ல 88 சதவீதம் பேரை சரியா விட்டுடுச்சு. அடேங்கப்பா சூப்பர்ல? சரி, இப்போ 1000 பிள்ளைங்கள எடுத்துக்கோங்க, அதுல 100 பேருக்கு நிஜமாவே டிப்ரஷன் இருக்குன்னு வெச்சுக்குவோம். அந்த 100ல 88 பேர் மாட்டுவாங்க. மீதி 900 பேர் நல்லா இருக்காங்க, ஆனா அதுல 12 சதவீதம், அதாவது 108 பேர், சும்மாவே மாட்டுவாங்க. ஆக மொத்தம் 196 பேருக்கு செவப்பு கலர், அதுல நிஜம் 88 பேரு. பாதி கூட இல்ல! இதை எடுத்துட்டுப் போய் மீட்டிங்ல "உங்க பையனுக்கு டிப்ரஷன்"னு சொன்னா அந்த 108 வீட்டுல என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இன்னொரு பக்கம், நிஜமா இருந்தும் மாட்டாத 12 பேர் இருக்காங்க, அவங்க வீட்டுல "ஸ்கோர் கம்மிதான்"னு நிம்மதியா இருப்பாங்க. அதுக்கு மேல, 2010ல டீன்ஏஜ் பசங்ககிட்டயே பண்ண ஒரு ஆய்வுல 11தான் நல்லா வேலை செய்ற கட்-ஆஃப்னு வந்துச்சு. ஒரே ஒரு நம்பர் தள்ளினா ஷீட்ல எத்தனை செவப்பு குறையும்னு நான் போட்டுப் பாத்தேன், 14 பேரு. ராத்திரியோட ராத்திரியா 14 பேருக்கு குணமாயிடுச்சா என்ன?

இவங்க ஃபார்ம் குடுத்தது எப்போன்னு பாத்தா பரீட்சை முடிஞ்ச மறுநாள். தூக்கம் சரியா இல்லையா, அசதியா இருக்கா, கவனம் சிதறுதான்னு கேக்குற கேள்விக்கு அந்த ரெண்டு வாரத்துல எந்தப் பிள்ளை 0 போடும்? (எங்க ஆளுங்களும் யோக்கியம் இல்ல. பதில் சொல்லாத கேள்விக்கு 99னு கோட் போட்டு வெச்சு, அதையும் சேத்துக் கூட்டி, 27க்கு 112 வாங்குன பிள்ளைங்கள நானே பாத்திருக்கேன்.)

ஆனா இதெல்லாம் ரெண்டாவது. ஷீட்டைத் திறந்ததும் நான் முதல்ல போற இடம் ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனா தேவலைன்னோ, தன்னையே காயப்படுத்திக்கணும்னோ தோணுச்சான்னு கேக்குற கேள்வி அது. நாலு பேர் 0 போடல. ஒரு பிள்ளை 3, கிட்டத்தட்ட தினமும்னு அர்த்தம். ஃபார்ம் நிரப்புன தேதி பாத்தா 19 நாளைக்கு முன்னாடி. 19 நாளா அந்தப் பதில் ஒரு ஷீட்டுல சும்மா கெடந்திருக்கு, கிராஃபுக்காக. கிராஃப் கிடக்கட்டும்னு அந்த டீச்சருக்கு உடனே போன் பண்ணேன், பாவம் அவங்களுக்குக் குரலே வரல. அன்னிக்கு சாயங்காலமே அந்தப் பிள்ளைய வீட்டு ஆளுங்களோட சைக்யாட்ரிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டாங்க, மத்த மூணு பேர்கிட்டயும் மறுநாள் கவுன்சிலர் பேசினாங்க.

இதைச் சொன்னதும் சிலர் "அந்தக் கேள்வியையே தூக்கிட்டா தொல்லை விட்டுது, கேட்டாத்தான் பசங்களுக்கு அந்த எண்ணமே வரும்"னு வருவாங்க. வராது. 2005ல அமெரிக்காவுல 2,000க்கு மேல ஹைஸ்கூல் பசங்கள ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கம் கேட்டு, ஒரு பக்கம் கேக்காமப் பாத்தாங்க. கேட்டதால தற்கொலை எண்ணம் கூடல. கேக்குறதுல தப்பே இல்ல, கேட்டுட்டு பதிலைப் பாக்காம விடுறதுதான் கொடுமை.

அதனால ஃபார்ம் லிங்க் அனுப்புறதுக்கு முன்னாடி: பதிலை அன்னிக்கே பாக்கப்போறது யாரு? 3 போட்ட பிள்ளைகிட்ட யாரு பேசுவா, எந்த டாக்டர்கிட்ட அனுப்புவீங்க? இந்த மூணுக்கும் ஆள் பேரு எழுத முடியலன்னா தயவுசெஞ்சு ஃபார்ம் விடாதீங்க. வீட்டுலயும் பிள்ளைகிட்டயும் சம்மதம் வாங்குங்க. பேரை அழிச்சுட்டா ரகசியம் ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க, கிளாஸும் பொறந்த தேதியும் இருந்தா நானே பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவேன். டேபிள்ல ரெண்டு மூணு பேர் மட்டும் வர்ற கட்டத்தை எந்த ரிப்போர்ட்லயும் காட்டாதீங்க, அது யாருன்னு ஈஸியா தெரிஞ்சுடும். வாட்ஸப்ல அனுப்பவே அனுப்பாதீங்க.

அப்பா அம்மாவுக்கு ஒண்ணு. ஸ்கோர் வந்தா அதை வெச்சு பிள்ளைய விசாரணை பண்ணாதீங்க. "இந்த ரெண்டு வாரம் எப்படிப்பா போச்சு"ன்னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் வாயைத் திறக்காம இருங்க, அது போதும் முதல் நாளைக்கு. சாவுற மாதிரி ஏதாவது சொன்னா மட்டும் மறுநாள் பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க, தனியாவும் விடாதீங்க.

அந்த டீச்சர் நேத்து மறுபடி போன் பண்ணாங்க. "மேடம், அந்த 61 பேர்ல நிஜமா எத்தனை பேருக்கு இருக்கு?"ன்னு கேட்டாங்க. என் ஷீட்டுல அது தெரியாதுங்க, கவுன்சிலர் ஒவ்வொருத்தரா பேசி முடிச்சாத்தான் தெரியும்னு சொன்னேன். இதுவரைக்கும் 23 பேர்கிட்ட பேசியிருக்காங்களாம். கிராஃப் வேண்டாம்னுட்டாங்க. ஷீட்டை நான் அழிச்சுட்டேன், வாட்ஸப் பேக்கப்ல இருக்கிறதையும் அழிக்கணும்னு அவங்களுக்கு இன்னிக்கு ஞாபகப்படுத்தணும்.