அவியளுக்குத் தனிச் சமையல் எதுக்கு?

மார்த்தாண்டம் பக்கத்தில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. சுகர் என்று வருகிறவரின் மருந்துச் சீட்டைப் பார்த்ததும், கூட வந்த மனைவியிடம் நேற்று ராத்திரி என்ன சமையல் என்று கேட்பேன். அடிக்கடி வரும் பதில் இது: “அவியளுக்கு ரெண்டு சப்பாத்தி. எங்களுக்கு மரச்சீனியும் சாளைக் கறியும்.” அவியள் என்றால் எங்கள் பக்கத்தில் ‘அவர்’; மரச்சீனி மரவள்ளிக் கிழங்கு, சாளை மத்தி மீன்.

பக்கத்தில் மரச்சீனி மணக்க, அந்த மனிதர் எத்தனை நாள் சப்பாத்தியோடு எழுந்துபோவார்? ஒரு மாதம் தாண்டினால் எனக்கு ஆச்சரியம்தான். சப்பாத்தியிலும் இருப்பது மாவுச்சத்து என்பது வேறு கதை.

மரச்சீனியைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனமில்லை. 100 கிராம் கிழங்கில் புரதம் இரண்டு கிராம்கூட இராது; அதே எடைச் சாளையில் ஏறக்குறைய 20 கிராம் உண்டு, ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. இரண்டையும் சேர்த்த நம் ஊர்க்காரர்கள் விவரமானவர்கள்தான். அளவுதான் தலைகீழ். தட்டு நிறையக் கிழங்கு, ஓரத்தில் மீன், துவரன் என்கிற தேங்காய் போட்ட காய்ப் பொரியல் பேருக்கு ஒரு கரண்டி.

தட்டில் பாதி துவரனோ அவியலோ கீரையோ இருக்கட்டும். கால் பங்கு மீன் அல்லது பயறு. மிச்சக் காலில் சோறு, இல்லையென்றால் கிழங்கு. இரண்டும் சேர்த்து வேண்டாம். சுகர் இல்லாதவர்களுக்கும் இதே சமையல்தான். வளரும் பிள்ளைக்கும் உடம்பால் உழைப்பவருக்கும் சோறு கூடலாம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் டாக்டரிடம் சொல்லிவிட்டே சோற்றைக் குறைக்க வேண்டும், சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடலாம்.

ஜூன், ஜூலையில் குளச்சல் பக்கம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் விலை ஏறியதும் வீட்டுக்குள் கருவாடு வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. பிரஷர் உள்ள வீட்டில் தினமும் கருவாடு கட்டுப்படியாகாது. அந்த நாட்களுக்குக் காணத் (கொள்ளு) துவையல், சிறுபயறுக் கஞ்சி, முட்டை இருக்கிறதே!

அப்புறம், சமைத்தவரின் தட்டு. போன மாதம் ஒரு அம்மாவிடம், “நீங்க எத்தனை மீன் சாப்பிட்டீங்க?” என்றேன். சிரித்தார். “எனக்குச் சாறு போதும் மக்களே.” அவருடைய ஹீமோகுளோபின் 9. சுகர் உள்ள கணவரோடு, அவருக்கு உணவுச் சீட்டு வாங்க வந்தவர் இந்த அம்மா. இரத்தசோகைக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். சாளையை எண்ணி, நாலு தட்டிலும் வைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்காரச் சொன்னேன். கணவர் சீட்டைத் திருப்பி, பின்பக்கம் கணக்குப் போட்டார்: “ஆளுக்கு மூணு.”