பெயருக்கு இயக்குநர் என்று சட்டத்தில் ஒருவரும் இல்லை

தொழில் வளர்ந்து முதலாளி ஒருவரால் தாக்குப்பிடிக்க முடியாத கட்டத்தில்தான் என்னைப் போன்ற இடைக்கால நிர்வாகியை அழைப்பார்கள். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் நம்மவர்கள் நடத்தும் நிறுவனங்களைச் சில மாதங்கள் பொறுப்பேற்று நடத்திக் கொடுப்பது என் வேலை. கணக்கைத் திறப்பதற்கு முன்பே இயக்குநர்கள் யார் என்று கேட்டுவிடுவேன்.

“நானும் வீட்டுக்காரம்மாவும். அவர் சும்மா பெயருக்குத்தான்.”

இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒரு லோரி நிறுவனத்தில் காசோலைப் புத்தகம் முழுவதிலும் அந்த அம்மா முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்திருந்தார். தீர்மானத் தாள்களில் பென்சிலால் சின்னக் குறி போட்டு அனுப்புவார்கள். குறி இருக்கும் இடத்தில் கையெழுத்து விழும். எந்த வங்கியில் எவ்வளவு கடன் என்று கேட்டேன். “அவர் போடச் சொன்னார், போட்டேன் தம்பி” என்றார்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. மலேசியாவின் 1965ஆம் ஆண்டுப் பழைய நிறுவனச் சட்டம் குறைந்தது இரண்டு இயக்குநர்களைக் கேட்டது. மனைவியும் மைத்துனரும் அப்படித்தான் உள்ளே வந்தார்கள். 2017 ஜனவரி 31 முதல் நடப்பில் உள்ள 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் நிறுவனத்துக்கு ஓர் இயக்குநரே போதும். ஆனாலும் பழைய பெயர்கள் அப்படியே கிடக்கின்றன.

அந்தப் பெயர்களின் மேல் இருக்கும் சுமை லேசானதல்ல. இயக்குநர் நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் செயல்பட வேண்டும் என்கிறது 213ஆம் பிரிவு. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, 30 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தொழிலாளர்களின் சேமநிதிப் பணத்தை நிறுவனம் கட்டாமல் விட்டால், நிலுவை விழுந்த காலத்தில் இயக்குநராக இருந்தவரையும் அந்தக் கடன் தொடரும். பிறகு விலகிவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

எங்களைப் போன்ற இடைக்கால நிர்வாகிகளுக்கும் விலக்கில்லை. பதவியின் பெயர் எதுவானாலும், நிறுவனத்தை நடத்தும் முதன்மைப் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவரையும் இந்தக் கடமைகளுக்கு இயக்குநராகவே 210ஆம் பிரிவு கணக்கில் கொள்கிறது. ஆகவே பொறுப்பை ஏற்கும்போது அதிகாரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குகிறேன்: எவ்வளவு தொகை வரை நான் ஒப்புதல் தரலாம், யாரை வேலைக்கு எடுக்கலாம், எந்த முடிவு இயக்குநர் வாரியத்துக்குப் போக வேண்டும். இதை எழுதித் தரத் தயங்கும் முதலாளி, மூன்றாம் வாரமே ஓட்டுநர்களை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து உத்தரவிடத் தொடங்கிவிடுகிறார். அதன்பின் நான் அங்கே இருந்தும் பயனில்லை.

தொழில் பயிற்றுநரின் வேலை வேறு. அவர் கேள்வி கேட்பார், முதலாளியை யோசிக்க வைப்பார், முடிவு முதலாளியுடையது. வாரியம் மேற்பார்க்கும், தட்டிக் கேட்கும். மூன்று வேலையையும் ஒரே ஆளிடம் கொடுத்தால், நிர்வாகியாக அவர் செய்த தவற்றை வாரியத்தில் தட்டிக் கேட்க ஆள் இருக்காது.

அந்த லோரி நிறுவனத்தில் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளை முதலில் ரத்து செய்தோம். அந்த அம்மாவோடு உட்கார்ந்து கடன் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்தோம். அவர் விலகவில்லை. இப்போது மாதாந்தரக் கூட்டத்தில் சேமநிதி கட்டிய ரசீதை அவர்தான் முதலில் கேட்கிறார்; மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.