சொல் விளக்கம்: புகார், குறை, முறைப்பாடு

அகதி முகாம்களைப் பற்றித் தமிழில் எழுதுபவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் அடிக்கடி எடுக்கும் சொல் ‘புகார்’. புகார்ப் பெட்டி, புகார் எண், புகார் அலுவலர் என்று போய்க்கொண்டே இருக்கும். முகாமில் வாழ்பவர் தனக்கு நேர்ந்ததை உதவி அமைப்பிடம் சொல்வதற்கான வழி முழுவதையும் இந்த ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம். அந்த வழி அடைபட்டுப் போன முகாமில் எத்தனை காவலர்களை நிறுத்தினாலும் மக்கள் பயந்துகொண்டுதான் தூங்குவார்கள். அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

‘புகார்’ உருது வழியாக நமக்கு வந்தது. அங்கே அதற்குக் கூப்பிடுதல், கூவி அழைத்தல் என்று பொருள். ஆபத்தில் இருப்பவர் எழுப்பும் குரல் என்றும் சொல்லலாம். பழைய பத்திரங்களிலும் ஊர்ப் பஞ்சாயத்துப் பேச்சிலும் வரும் ‘பிராது’ பாரசீகத்தின் ‘ஃபர்யாத்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் அலறல், முறையிடும் குரல் என்றே பொருள். தமிழில் புழங்கப் புழங்க அந்தக் குரல் தேய்ந்து, குற்றச்சாட்டு என்ற பொருள் முன்னே வந்துவிட்டது. இன்று ஒருவர் மேல் புகார் கொடுத்தார் என்றால், அவரை மாட்டிவிட்டார் என்றுதான் காதில் விழுகிறது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். பழந்தமிழில் உள்ள ‘புகார்’ வேறு சொல். ஆறு கடலில் புகும் இடம் என்பது அதன் பொருள், காவிரிப்பூம்பட்டினத்துக்கு அதுவே பெயர். கணவனுக்கு நீதி கேட்டுப் பாண்டியன் அவைக்கு வந்த கண்ணகி ‘புகார் என் பதியே’ என்றபோது தன் ஊரைத்தான் சொன்னாள். அவள் அங்கே செய்ததற்குச் சிலப்பதிகாரம் வைத்திருக்கும் சொல் ‘வழக்குரை’.

தமிழில் இதற்கு நேரான சொல் ‘முறை’ என்ற வேரிலிருந்து கிடைக்கிறது. ஒழுங்கு, நீதி, உறவு, வரிசையில் ஒருவருக்குரிய இடம் என்று முறைக்குப் பல பொருள்கள் உண்டு. முகாமில் ரேஷன் வாங்க நிற்பவர் ‘இப்போது என் முறை’ என்பார். அவருக்கு முன்னால் அதிகாரியின் ஆள் ஒருவன் புகுந்தால் அது முறைகேடு. அந்த முறைகேட்டை எடுத்துச் சொல்வது முறையீடு அல்லது முறைப்பாடு. மூன்றும் ஒரே வேரிலிருந்து வருகின்றன, மூன்றுக்கும் ஒரே வரிசையில் வேலை இருக்கிறது. இலங்கைத் தமிழில் காவல் நிலையத்தில் பதிவதும் முறைப்பாடுதான். தமிழ்நாட்டிலோ ‘முறையீடு’ பெரும்பாலும் மேல்முறையீடு என்ற பொருளுக்கு ஒதுங்கிவிட்டது. எனவே பொதுப் பயன்பாட்டுக்கு ‘முறைப்பாடு’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. புகாரில் ஒருவர் மேல் விரல் நீட்டுவது தெரிகிறது. முறைப்பாட்டிலோ தனக்கு உரியதைக் கேட்பது தெரிகிறது. முகாமில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயம் அல்ல. ‘கொடுப்பதை வாங்கிக்கொண்டு இருப்பதற்கு என்ன’ என்ற பார்வையை அவர் ஒவ்வொரு நாளும் சந்திக்கிறார்.

முறை கேட்பவருக்கு ஆள்பவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் பழைய சொல் ஒன்று கைவசம் இருக்கிறது. புறநானூற்றின் 35-ஆம் பாட்டு ‘முறைவேண்டு பொழுதின் பதன் எளியோர்’ என்கிறது. பதம் என்றால் சென்று காணத் தகுந்த சமயம், பதன் எளியோர் என்றால் எளிதில் காணக் கிடைப்பவர். 548-ஆம் குறள் இதையே ‘எண்பதத்தான் ஓரா முறைசெய்யா மன்னவன்’ தானே கெடுவான் என்று எதிர்மறையாகச் சொல்கிறது. எளிதில் அணுகும்படி இருத்தல், சொன்னதை ஆராய்தல், நீதி வழங்குதல் ஆகிய மூன்று வேலைகள் அந்த அடிக்குள் இருக்கின்றன. இன்றைய முகாம்களில் முறைப்பாட்டு ஏற்பாடு எங்கே உடைகிறது என்று தேடினால், இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் உடைந்திருக்கும்.

முதலாவது பெரும்பாலும் பெட்டியிலேயே உடைகிறது. அலுவலகக் கதவுக்குப் பக்கத்தில், காவலாளியின் நாற்காலிக்கு நேர் எதிரே தகரப் பெட்டி தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பூட்டின் சாவி முகாம் பொறுப்பாளரின் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் மேலேயே முறைப்பாடு என்றால் எங்கே போடுவது? காகிதத்தை மடித்துப் போடும் கை யாருடையது என்பதை வாசலில் நிற்கும் அத்தனை பேரும் பார்ப்பார்கள். எழுதத் தெரியாதவருக்கு அந்தப் பெட்டி இருந்தும் இல்லாததுதான். மியான்மரிலிருந்து துரத்தப்பட்ட ரோஹிங்கியா மக்களின் பேச்சு மொழிக்குப் பரவலாக வழங்கும் எழுத்து வழக்கு இல்லை. அவர்களிடம் போய்ப் பெட்டியை மட்டும் தொங்கவிட்டால் அது சுவரில் ஒரு அலங்காரம். பெண்கள் மட்டும் கூடும் இடத்தில், அவர்கள் மொழி பேசும் பெண் ஊழியர் உட்கார்ந்து கேட்பதே அங்கு எண்பதம், அதாவது எளிதில் அணுகும்படி இருத்தல். தொலைபேசி எண்ணும் வேண்டும். ஆனால் குடும்பத்தில் போன் யார் கையில் இருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

அப்புறம், நடுவில் நிற்பவர்கள். 2017-இல் லட்சக்கணக்கான ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்குள் வந்தபோது, பங்கீட்டை நடத்த ‘மாஜி’ எனப்படும் தொகுதித் தலைவர்களை அதிகாரிகள் நியமித்தார்கள். படகோட்டியைக் குறிக்கும் வங்கச் சொல் அது. மக்கள் தேர்ந்தெடுக்காத அந்தத் தலைவர்களில் சிலர் பணம் பறிப்பதாகவும், சலுகைகளைத் தமக்கு வேண்டியவர்களுக்குத் திருப்புவதாகவும் குற்றச்சாட்டுகள் வந்தன. முறைப்பாடு அவர்கள் வழியாகவே போக வேண்டும் என்றால், முறைகேடு செய்தவரிடமே முறை கேட்பதாக ஆகிவிடும்.

சரி, முறைப்பாடு இல்லாத முகாம் பத்திரமான முகாம்தானா? இல்லை என்பதற்கு மறக்கக் கூடாத சான்று உண்டு. கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் முகாம்களில், உணவுக்கும் உதவிப் பொருளுக்கும் ஈடாகச் சிறுமிகளிடம் பாலுறவு கேட்கப்பட்டதாக 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கேட்டவர்களாகச் சுட்டப்பட்டவர்களில் உதவிப் பணியாளர்களே இருந்தார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையமும் சேவ் த சில்ட்ரன் அமைப்பின் பிரிட்டன் கிளையும் சேர்ந்து செய்த ஆய்வு அது. அதுவரை அந்தக் குழந்தைகள் சொல்லப் போக இடமே இருக்கவில்லை. அடுத்த ஆண்டு, 2003 அக்டோபரில், ஐ.நா. பொதுச் செயலாளர் வெளியிட்ட விதிகள், உதவிக்கு ஈடாகப் பாலுறவு கேட்பதையும் 18 வயதுக்குக் குறைந்தவரோடு பாலுறவு கொள்வதையும் ஐ.நா. பணியாளர்களுக்குத் தடை செய்தன. விதி வந்ததும் வாய் திறந்துவிடவில்லை. பாதிக்கப்பட்ட குழந்தைகள் ஏன் சொல்வதில்லை என்று 2008-இல் சேவ் த சில்ட்ரன் கேட்டுப் பார்த்தபோது வந்த பதில்கள் நெஞ்சை அடைக்கின்றன. உதவி நின்றுவிடும், ஊர் பழிக்கும், தவறு செய்தவர்கள் திருப்பி அடிப்பார்கள், யாரிடம் சொல்வது என்று தெரியாது, சொன்னாலும் ஒன்றும் நடக்காது. பெட்டி காலியாக இருக்கிறது என்று அறிக்கையில் எழுதுபவர்கள் இந்தப் பதில்களை ஒருமுறை படிக்க வேண்டும்.

2014-இல் வந்த மனிதநேயப் பணிக்கான அடிப்படைத் தரநெறியின் ஐந்தாவது உறுதிமொழி, முறைப்பாடுகள் வரவேற்கப்படும், கவனிக்கப்படும் என்றது (2024-இல் அந்த நெறி திருத்தி எழுதப்பட்டது). ‘வரவேற்கப்படும்’ என்ற சொல்லைத் தமிழாக்கங்களில் பெரும்பாலும் ‘பெறப்படும்’ என்று நீர்க்கச் செய்துவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

‘முறை’க்குப் பக்கத்தில் ‘குறை’ என்ற சொல்லும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை, கூரை ஒழுகுகிறது, சோப்பு தீர்ந்துவிட்டது என்பவை குறைகள். இவற்றை வெளிப்படையாகப் பேசலாம், கூட்டத்தில் சொல்லலாம், பலகையில் எழுதிப் போடலாம். பணியாளர் ஒருவர் தவறாக நடந்தார் என்பது முறைப்பாடு. அது மிகச் சிலர் கைக்கு மட்டுமே போக வேண்டும், பெயர் வெளியே வரக் கூடாது, அடுத்து என்ன செய்வது என்பதில் பாதிக்கப்பட்டவரின் விருப்பமே முதலில் நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் போடச் சொன்னால், சோப்புக் கேட்ட காகிதங்களுக்கு நடுவே ஒரு சிறுமியின் காகிதத்தை யாரோ ஒரு எழுத்தர் சத்தமாக வாசிக்கும் நிலை வரும்.

ஆனால் குறைதான் முதல் படி. கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறார். 20 பேருக்கு ஒரு கழிப்பறையாவது, வீட்டிலிருந்து 50 மீட்டருக்குள், உள்ளிருந்து பூட்டும்படி, வெளிச்சத்தோடு இருக்க வேண்டும் என்பது மனிதநேயப் பணியில் ஏற்கப்பட்ட குறைந்தபட்ச அளவு. தாழ்ப்பாள் சில நாளில் வந்துவிட்டால், ‘நீங்கள் சொன்னது செய்யப்பட்டது’ என்று அவரிடமே போய்ச் சொன்னால், நாளை பெரிய விஷயத்தையும் அவர் சொல்வார். செய்ய முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று சொல்ல வேண்டும். இந்தப் பதிலைத்தான் பல அமைப்புகள் மறந்துவிடுகின்றன. மக்களுடைய நம்பிக்கை உடைவதும் பெரும்பாலும் இங்கேதான்.

எழுதும்போது கைக்கொள்ளச் சில வழக்குகள்: குறை சொன்னார், குறை தீர்க்கப்பட்டது, முறைப்பாடு செய்தார், முறைப்பாட்டாளர், முறைப்பாட்டு விசாரணை. ‘புகார்தாரர்’ என்பதை ‘முறைப்பாட்டாளர்’ என்று மாற்றலாம். முகாமில் வைக்கும் பலகையில் மட்டும் அங்குள்ளவர்கள் வாயில் வழங்கும் சொல்லே இருக்கட்டும். அவர்கள் ‘புகார்’ என்றால் புகார்தான், ‘முறைப்பாடு’ என்றால் முறைப்பாடுதான். அந்தச் சொல்லுக்குக் கீழே, யார் கேட்பார், எங்கே, எந்த நேரத்தில், எத்தனை நாளில் பதில் வரும், உதவிக்கு இதனால் எந்தப் பாதிப்பும் வராது என்பதைப் பெரிய எழுத்தில், படங்களோடு போட வேண்டும்.