கேம் மங்கலாகத் தெரிந்தால் டிவியின் பின்மூடியைக் கழற்றாதீர்கள்

மறுபடியும் ஒரு 21 இன்ச் பிக்சர் டியூப் டிவி சர்வீஸுக்கு வந்திருக்கிறது. படம் வெளுத்துப்போய், சாய்வாக மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. பின்மூடியில் இரண்டு ஸ்க்ரூவைக் காணோம். "பிஎஸ்3-ல (பிளேஸ்டேஷன் 3 கேம் கன்சோல்) எழுத்தே படிக்க முடியலண்ணே. வீடியோ பாத்து ஃபோகஸ் திருப்பினேன்" என்கிறார் பிளஸ் டூ படிக்கும் தம்பி. அவர் திருப்பியது ஃபோகஸ் இல்லை, எல்ஓடியில் (டியூபுக்கு உயர் மின்அழுத்தம் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) அதற்குக் கீழே இருக்கும் ஸ்கிரீன் குமிழ். கேபிள் சேனல் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்த டிவி அது. ஃபோகஸில் கோளாறு இருந்தால் சேனலும்தானே மங்கியிருக்கும்?

பிக்சர் டியூபுக்குப் போகும் மின்அழுத்தம் 20,000 வோல்ட்டுக்கும் மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் அதைப் பிடித்து வைத்திருக்கும். டிஸ்சார்ஜ் செய்யாமல் நாங்களே கை வைப்பதில்லை. தயவுசெய்து திறக்காதீர்கள்.

அடுத்து, எனக்கு அலுத்தே போன கேள்வி: "எச்டிஎம்ஐ கன்வர்ட்டர் போட்டா பழைய டிவியில எச்டி வரும்ல?" வராது. நம் ஊர் பழைய டிவி வரைவது 576 கோடுகள், அதையும் பாதி பாதியாகத்தான் வரையும். கன்சோல் 1080 கோடுகள் அனுப்பினாலும் எச்டிஎம்ஐ சிக்னலைப் பழைய டிவிக்கு மாற்றும் அந்தச் சின்னப் பெட்டி பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை டிவியின் ஏவி மஞ்சள் ஒயரில் திணித்து அனுப்புகிறது. பெட்டி மேல் 1080 என்று அச்சடித்திருப்பது உள்ளே போகும் சிக்னலுக்கு, வெளியே வருவதற்கு இல்லை. தங்க முலாம் பூசிய கேபிள் வாங்கினாலும் கடைசியில் அதே மஞ்சள் ஒயர்தான். பிஎஸ்3-க்கு இந்தப் பெட்டியே வேண்டாம், பின்னால் ஏவி அவுட் சொந்தமாகவே இருக்கிறது. பிஎஸ்4-ல் எச்டிஎம்ஐ மட்டும்தான் என்பதால் அங்கே கன்வர்ட்டரைத் தவிர வழியில்லை. அதற்குப் பதில் ஒரு பழைய 32 இன்ச் எல்சிடி பார்த்து வாங்குங்கள்.

உண்மையில் மாற்ற வேண்டியது அந்த மஞ்சள் ஒயரைத்தான். நிறமும் வெளிச்சமும் ஒரே ஒயரில் போவதால்தான் எழுத்தின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்கின்றன, சிவப்பு வழிகிறது. டிவியின் பின்னால் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று ஓட்டை இருக்கிறதா பாருங்கள். சில டிவிகளில் டிவிடி என்று எழுதியிருக்கும். இருந்தால் நிறத்தையும் வெளிச்சத்தையும் பிரித்து அனுப்பும் காம்பொனென்ட் கேபிள் வாங்குங்கள். பிஎஸ்2, பிஎஸ்3 இரண்டுக்கும் ஒரே கேபிள்தான். அதில் ஐந்து முனை, இரண்டு சிவப்பு. வெள்ளையோடு ஜோடியாக வருகிற சிவப்பு ஆடியோ. மாற்றிச் செருகினால் முகமெல்லாம் பச்சையாகும், ஸ்பீக்கர் உறுமும். கழற்றிச் சரியாகச் செருகுங்கள், டிவி கெட்டுப்போகவில்லை.

பிஎஸ்2-ல் காம்பொனென்ட் வீடியோ அவுட் என்ற செட்டிங் ஆர்ஜிபியில் இருந்தாலும் நிறம் கெடும், ஒய் என்று தொடங்குவதற்கு மாற்றுங்கள். பிஎஸ்3-ல் டிவி வகை 4:3, ரெசல்யூஷனில் 720-க்குப் போகாதீர்கள். போய்ப் படம் உருண்டால் பயப்பட வேண்டாம். கன்சோலை அணைத்து, சிவப்பு விளக்கு நிலையாக எரிந்ததும், பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். பழையபடி வந்துவிடும்.

அப்புறம் டிவி மெனுவில் ஷார்ப்னெஸ்ஸைக் குறையுங்கள். கூட்டினால் தெளிவு வராது, எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல்தான் விழும். கான்ட்ராஸ்ட்டை நூறில் வைத்தால் வெள்ளை எழுத்து வீங்கும்.

இவ்வளவு செய்தும் சில கேம்களில் எழுத்து சின்னதாகவே இருக்கும். 2006-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த டெட் ரைசிங்கிலேயே பழைய டிவிக்காரர்கள் எழுத்து படிக்க முடியவில்லை என்று புலம்பினார்கள். எச்டி டிவியை மனதில் வைத்துச் செய்த கேம் அது, அதற்கு எந்தக் குமிழும் உதவாது. பெற்றோர்களே, ஸ்க்ரூ டிரைவரோடு பிள்ளை டிவி பக்கம் போனால் முதலில் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள்.